திடலுக்குப் போகாத மைக்

ஒத்தப்புளிப்பட்டி ஜல்லிக்கட்டில் காளைக்கு ஒரே வழிதான். வாடிவாசலுக்குள் விட்டால் திடலில் வந்துதான் தலையைக் காட்ட வேண்டும். மனிதக் குரலுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. எந்த மைக்கில் பேசியது எந்த ஒலிபெருக்கிக் குழாயில் வரலாம், யார் காதோடு நின்றுவிட வேண்டும் என்பதையெல்லாம் இந்த வருஷம் செல்லூர் மைக் செட்டுக்காரர் உமர் பாரூக்கின் புதுப் பெட்டி முடிவு செய்தது.

பெட்டி என்னவோ தாம்பாளத் தட்டு அகலம்தான். முன்னால் மைக் செருகும் துளைகள், பக்கத்திலேயே மைக்கைத் திறந்து மூடும் பொத்தான். பின்னால் நாலு வாசல்: ஒன்று திடலைச் சுற்றிக் கட்டிய குழாய்களுக்கு, ஒன்று இண்டர்நெட் லைவுக்கு, ஒன்று விழா மேடைக்கு, ஒன்று பேசுகிறவரின் ஹெட்போனுக்கு. எந்த மைக் எந்த வாசல் வழியாகப் போக வேண்டும் என்பதை லேப்டாப்பில் ஒரு பக்கத்தைத் திறந்து கட்டம் கட்டமாக டிக் அடித்துச் சொல்லிவிட்டால் போதும். டிக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு மைக்கும் லேப்டாப்பில் தனித்தனியாகக் கேட்கும், பதிவும் ஆகும். ரிலே என்று உள்ளே குட்டியாக ஒரு சுவிட்ச். மைக் திறந்ததும் டிக்கென்று ஒட்டிக்கொண்டு, வெளியே சிவப்பு விளக்கை எரிய வைக்கும். விளக்கு எப்போது எரிய வேண்டும் என்பதையும் அதே பக்கத்தில் நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். நாம் பொய்யைச் சொல்லிக்கொடுத்தால் அது பொய்க்கும் எரியும். அதற்குத் தனியாக மனசாட்சி வைத்துக் கம்பெனி அனுப்பவில்லை.

இதையெல்லாம் பாரூக் தானாகவே படித்துக்கொண்டார். அந்த நாளிலிருந்து அவருடைய நடையே மாறிவிட்டது. மற்ற மைக் செட்டுக்காரர்களை 'குழாய் கட்டுற ஆளுங்க' என்று சொல்ல ஆரம்பித்தார். இருபது வருஷமாகத் தானும் புளியமரத்திலேறிக் குழாய் கட்டிய ஆள்தான் என்பது, கேட்டால்தான் ஞாபகம் வரும்.

விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் கமிட்டித் தலைவர் மலைச்சாமி கடைக்கே வந்துவிட்டார். கல் குவாரிக்காரர். செல்லூர்ச் சந்துக்குள் அவருடைய கார் நுழையாது. முனையில் நிறுத்திவிட்டு, விசைத்தறிச் சத்தத்தினூடே வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் நடந்து வந்த விதத்திலேயே விஷயம் பெரிசு என்று பாரூக்குக்குத் தெரிந்துவிட்டது.

விஷயம் தங்கப்பாண்டி. மேலூரில் உரக்கடை வைத்திருப்பவர். மலைச்சாமியின் சம்சாரத்தோடு பிறந்த அண்ணன். ஊர் ஜல்லிக்கட்டுக்கு எத்தனையோ வருஷமாக வர்ணனையாளர். 'வர்ணனை வேந்தர்' என்ற பட்டத்தை யார் கொடுத்தது என்று விசாரித்தால், நோட்டீஸ் அடித்த அச்சகம் வரைக்கும்தான் தடயம் போகும். மைக்கைப் பிடித்தால் முதலில் மாவட்டத்து அதிகாரிகளில் ஆரம்பித்து மோர்ப்பந்தல் போட்டவர் வரைக்கும் ஒவ்வொருவரையும் 'அவர்களே' போட்டு அழைப்பார். அது முடிந்ததும் சொந்தக் கவிதை. போன வருஷம் அவர் 'அவர்களே'வில் இருந்தபோது ஆறு காளை திடலைத் தாண்டிப் போய்விட்டது. ஒரு காளையின் பேரும் மைக்கில் வரவில்லை.

மற்ற ஊர்க்காரனுக்கு இதன் கனம் புரியாது. காளை எம்புட்டு நேரம் நின்று விளையாடினாலும் சரி, ஒருத்தன் திமிலைப் பிடித்துக்கொண்டு எம்புட்டுத் தூரம் போனாலும் சரி, பேரையும் ஊரையும் குழாயில் சொன்னால்தான் அது நடந்த மாதிரி. மைக்கில் வராதது வீரத்தில் சேர்த்தி இல்லை. வருஷம் பூராவும் பருத்திக்கொட்டையும் பேரீச்சையும் போட்டு வளர்த்தவன், காளை பேர் வராமல் வீட்டுக்குப் போனால் பெண்டாட்டி முகத்தில் முழிக்க முடியாது. அதனால் ஆறு காளைக்காரர்களும் வேந்தரின் சட்டையைப் பிடிக்கப் போய், போலீஸ் வந்து விலக்கிவிட வேண்டியதாயிற்று.

இந்த வருஷம் இண்டர்நெட்டில் பேர் வாங்கிய அசோக்குமாரைப் பேச வைப்பது என்று கமிட்டி முடிவு செய்துவிட்டது. வேந்தரிடம் அதைச் சொல்வது யார் என்பதைத்தான் முடிவு செய்யவில்லை.

"பாய், மச்சானை நிப்பாட்டுனா எனக்கு வீட்ல சோறு கெடையாது. பேச விட்டா ஊருக்குள்ள மரியாதை கெடையாது" என்றார் மலைச்சாமி. "அவரு பேசவும் செய்யணும். யாருக்கும் கேக்கவும் கூடாது. உங்க பெட்டியில இதுக்கு ஏதாச்சும் இருக்கா?"

பாரூக், டாக்டர்கள் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்ப்பதுபோல் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுக்குத்தாண்ணே இந்தப் பெட்டியே" என்றார்.

தங்கப்பாண்டியிடம் சொல்லப்பட்ட கதை இதுதான்: திடலுக்கு அவர், இண்டர்நெட்டுக்கு மட்டும் அசோக்குமார். ஒருவர் சத்தம் மற்றவருக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்பதால் வேந்தருக்கு மேடையின் மேலே தனியாகக் கண்ணாடி அறை, அதில் ஏசி, முகப்பில் சிவப்பு விளக்கு. தங்கப்பாண்டி பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார். சின்னப் பயல் இண்டர்நெட்டில் பேசிப் பழகட்டும், திடலுக்குத் தொண்டை வேண்டும் என்றார்.

முந்தின நாள் சாயங்காலம் பாரூக் கட்டங்களை நிரப்பினார். அசோக்குமாரின் மைக்: திடல், லைவ், மேடை மூன்றுக்கும் டிக். தங்கப்பாண்டியின் மைக்: அவருடைய சொந்த ஹெட்போனுக்கு ஒரு டிக். அவ்வளவுதான். யாராவது தெரியாமல் கைபட்டு மாற்றிவிடக் கூடாது என்று அந்தப் பக்கத்துக்கு ஒரு கடவுச்சொல்லும் போட்டுப் பூட்டினார்.

அதோடு விட்டிருந்தால் வெறும் ஏமாற்று வேலையாகப் போயிருக்கும். பாரூக் கலைஞர். வெறும் ஹெட்போனில் சொந்தக் குரல் செத்த குரலாகக் கேட்கும், ஆளுக்குச் சந்தேகம் வரும் என்று யோசித்து, குரல் குழாயில் போய் ஊரோரக் கரட்டுப் பாறையில் மோதித் திரும்புகிற மாதிரி கொஞ்சம் எதிரொலி சேர்த்தார். கூட்டத்தின் இரைச்சலை எடுக்க ஒரு மைக்கைத் திடலோரம் குழாய்ச் சத்தம் ஏறாத பக்கமாகப் பார்த்துக் கட்டி, அதையும் அளவாகக் கலந்துவிட்டார். தங்கப்பாண்டி வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு வணக்கம் சொல்லிப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாய், இம்புட்டு வருசமா என் கொரலை நானே இப்பிடிக் கேட்டதில்ல" என்றார்.

அன்றைக்கு வீடு திரும்பும்போது பாரூக்குக்கு மனசு நிறைந்திருந்தது. மச்சானுக்கு மைக், தலைவருக்குச் சோறு, ஊருக்கு மரியாதை. யாரிடமும் அவர் வாயால் ஒரு பொய் சொல்லவில்லை. கட்டத்தில் டிக் அடித்தார், அவ்வளவுதான்.

விழா காலையிலேயே சூடு பிடித்துவிட்டது. அசோக்குமாரின் குரல் குழாய்களில் துள்ளியது. காளை பேர், ஊர், உரிமையாளர், பிடித்தவன், பரிசு என்று ஒன்று விடாமல் போய்க்கொண்டிருந்தது. அண்டாவும் கட்டிலும் பீரோவும் சைக்கிளும் கொடுத்தவர்களின் பேரெல்லாம் தப்பாமல் வந்தன. மேலே கண்ணாடி அறையில் வேந்தர் ஒரு கையால் மைக்கைப் பிடித்து, மறு கையை வானத்துக்கு வீசி, மோர்ப்பந்தல்காரரை 'அவர்களே' என்று அழைத்துக்கொண்டிருந்தார். காளை பாய்ந்தபோது கூட்டம் ஆர்ப்பரித்தது. ஹெட்போனில் அதைக் கேட்ட தங்கப்பாண்டி தன் கவிதைக்குத்தான் என்று தலை தாழ்த்தி வணங்கினார். மேடைக்குப் பின்னால் லேப்டாப்போடு உட்கார்ந்து, ஒரு காதில் அசோக்குமாரையும் மறு காதில் வேந்தரையும் கேட்டுக்கொண்டிருந்த பாரூக்குக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருந்தது.

மத்தியானம் அதிகாரிகள் சாப்பிடப் போனபோதுதான் அவருக்குப் பயம் பிடித்தது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வேந்தர் கீழே இறங்கி வந்தார். காலையிலிருந்து ஒருத்தன் காதிலும் விழாத மனிதர் ஊர்க்கூட்டத்துக்கு நடுவில் வந்து நிற்கிறார். எவனாவது 'என்னண்ணே, இந்த வருசம் பேசலையா' என்று கேட்டால் முடிந்தது கதை.

எவனும் கேட்கவில்லை. முதலில் வந்த ஆள் அவருக்குத் துண்டு போர்த்தினான். இரண்டாவது வந்தவர், காலையில் அண்ணன் சொன்ன கவிதையைப் போல் தன் ஆயுளில் கேட்டதில்லை என்றார். அது உண்மைதான். மோர்ப்பந்தல்காரர் வந்து, தன் பேரை இந்த வருஷம் விடாமல் சொன்னதற்கு நன்றி என்று கையைப் பிடித்துக்கொண்டார். பாரூக் திறந்த வாயை மூடினார். இந்த ஊரில் பாராட்டுக்குக் காது தேவையில்லை, ஆள் யாருடைய மச்சான் என்று தெரிந்தால் போதும் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கிற்று. பயம் போனதும் நன்றாகப் பசித்தது.

மூன்று மணி வாக்கில் அது நடந்தது.

காளைகள் திடலைத் தாண்டி ஓடி அடையும் தெருக் கடைசியில் கயிறு போட்டுப் பிடிக்கிற ஆட்கள் நிற்பார்கள். அங்கே கூட்டம் கிடையாது, கேமரா கிடையாது, பரிசும் கிடையாது. அந்த ஆட்களில் ஒருவன் சோலை. மேலூர்ச் சந்தையில் மூடை தூக்குகிறவன். பிடித்த மாட்டை உரியவன் கையில் கொடுத்துவிட்டு, தடுப்புக் கம்பின் நிழலில் தெருக் கடைசிக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அவனைத் தாண்டிப் போன ஒரு காளை கடைசி வரை போகாமல் மிரண்டு திரும்பியது. அது திரும்பியதைப் பார்க்கிற உயரத்தில் இருந்தது கண்ணாடி அறை ஒன்றுதான்.

தங்கப்பாண்டி கவிதையைப் பாதியில் விட்டார்.

"சோலை, பின்னால மாடு வருது. எந்திரி. தடுப்புல ஏறு சோலை."

'அவர்களே' இல்லை, அடைமொழி இல்லை. இத்தனை வருஷ வர்ணனையில் அவர் பேசிய ஒரே உருப்படியான வாக்கியம் அது. உயிர் போகிற மாதிரி கத்தினார். பாரூக்கின் காது வலித்தது. அவர் முதலில் செய்த காரியம், அந்தச் சத்தத்தைக் குறைத்தது.

பிறகுதான் என்ன கேட்டோம் என்பது மண்டையில் ஏறியது. லேப்டாப்பில் பக்கத்தைத் திறந்தார். கடவுச்சொல் கேட்டது. அவசரத்தில் தப்பாக அடித்தார். இன்னொரு தரம் அடித்தார். கட்டம் திறந்து, திடலுக்கான டிக்கில் விரல் போய் நின்றபோது மேலே தங்கப்பாண்டி கத்துவதை நிறுத்திவிட்டிருந்தார். குழாய்களில் அசோக்குமார் ஒரு வெள்ளிக்காசைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். அசோக்குமாரின் காதில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட அவன் குழாயில் சொல்லியிருப்பான். பேசுகிறவரோடு பேச அந்தப் பெட்டியில் தனியாக ஒரு பொத்தானே இருக்கிறது. அது பாரூக்குக்கு அன்று இரவு படுக்கையில்தான் ஞாபகம் வந்தது.

டிக் அடிக்காமலே விரலை எடுத்துவிட்டு, பக்கத்தைத் திரும்பப் பூட்டினார்.

சோலைக்கு உயிர் இருந்தது. இடுப்பெலும்பும் வலது தொடையும் போய்விட்டன. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நடப்பான், ஆனால் மூடை தூக்க மாட்டான் என்று டாக்டர்கள் சொன்னதாகச் செய்தி வந்தது.

அந்த வாரக் கடைசியில் விசாரணைக்கு அதிகாரி ஒருவர் வந்தார். பாதுகாப்பில் கமிட்டி அசட்டையாக இருந்தது தெரிந்தால் அடுத்த வருஷம் ஜல்லிக்கட்டுக்கு அனுமதி கிடைக்காது. ஒத்தப்புளிப்பட்டிக்கு அதைவிடப் பெரிய இழவு கிடையாது. சமுதாயக் கூடத்தில் ஊரே கூடியிருந்தது. அதிகாரி இளவயசுப் பெண். திரும்பி ஓடிவந்த காளையைப் பற்றி யாராவது எச்சரிக்கை கொடுத்தார்களா என்றுதான் முதலில் கேட்டார். மலைச்சாமி தரையைப் பார்த்தார்.

தங்கப்பாண்டி எழுந்தார். துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"நான் எச்சரிச்சேன் மேடம். பேரைச் சொல்லியே எச்சரிச்சேன். அவன் எந்திரிக்கல."

 மலைச்சாமி தலையைத் தூக்கிப் பாரூக்கைப் பார்த்தார். குவாரியில் வெடி வைக்கிறவனைப் பார்க்கிற பார்வை. பிறகு நிதானமாகக் கேட்டார்: "பாய், ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாப் பதிவாகுதுன்னு சொன்னீங்கள்ல?"

ஆகிறது. பெட்டியின் பெருமைகளில் அதுவும் ஒன்று. பாரூக்கே வாய் ஓயாமல் சொன்னதுதான். லேப்டாப்பைத் திறந்து, அன்றைய மூன்று மணி நேரத்துக்குப் போய், இரண்டாவது மைக்கை மட்டும் ஓடவிட்டார். கூடம் முழுக்கத் தங்கப்பாண்டியின் குரல் கேட்டது. சோலை, பின்னால மாடு வருது. எந்திரி. தடுப்புல ஏறு சோலை.

கேட்ட ஜனங்கள் சிலிர்த்துப் போனார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பின்வரிசையிலிருந்து ஒருவர், ஆமாம், தான் அன்றைக்கே கேட்டதாகச் சொன்னார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் கேட்டிருந்தார். மோர்ப்பந்தல்காரர் மோர் ஊற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டுக் கேட்டிருக்கிறார். ஊரின் தென்கோடியில் அன்றைக்குக் காய்ச்சலில் படுத்துக் கிடந்த ஒரு பெரியவருக்கும் கணீரென்று கேட்டிருந்தது. அசோக்குமாரிடம் கேட்டபோது, தான் லைவில் கவனமாக இருந்ததால் திடலில் என்ன கேட்டது என்று தெரியாது என்றான். திடலில் கேட்டதெல்லாம் அவன் குரல்தான் என்பது அவனுக்கும் தெரியும். அடுத்த வருஷமும் கூப்பிடுவார்கள் என்ற நம்பிக்கையும் அவனுக்கு இருந்தது.

"எனக்குக் கேக்கல" என்றது ஒரு பெண்குரல்.

சோலையின் மனைவி நாகஜோதி. கூடத்தின் வாசற்படியோரம் நின்றிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக பஸ் பிடித்து வந்தவள். சேலை கசங்கியிருந்தது.

"நான் குழாய்க்கு அடியிலதான் நின்னேன். மாடு முட்டுற வரைக்கும் வெள்ளிக்காசு யாரு குடுத்தான்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாய்ங்க. இந்தச் சத்தம் அன்னைக்கு வரல." சொல்லிவிட்டு அவள் கூட்டத்தைப் பார்க்கவில்லை. லேப்டாப்பைப் பார்த்தாள். பிறகு பாரூக்கைப் பார்த்தாள்.

பாவம், புருஷன் படுத்த படுக்கையாகக் கிடக்கிறான், அவளுக்குப் புத்தி ஒரு நிலையில் இல்லை என்று பெண்கள் பக்கம் பேச்சு எழுந்தது. யாரோ அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். அதிகாரி நியாயஸ்தர்தான். லேப்டாப் பக்கம் திரும்பி, "இந்தப் பதிவு உண்மையா? அன்னைக்கு, அந்த நேரத்துல பேசினதுதானா?" என்று கேட்டார்.

"உண்மைதான் மேடம். அந்த நேரத்துல பேசினதுதான்."

கேட்ட கேள்விக்குச் சரியான பதில். அந்தக் குரல் எந்த வாசல் வழியாகப் போயிற்று என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடலாம் என்று பாரூக் காத்திருந்ததாகப் பின்னால் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அதிகாரிக்குப் பெட்டியைப் பற்றித் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் மேஜை மேல் கிடந்த வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி எச்சரித்தும் காயம்பட்டவர் அசட்டையாக இருந்தார் என்று முடிவாயிற்று. ஊருக்கு அடுத்த வருஷத்து அனுமதி பத்திரமாயிற்று. மேலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே 'காளையை முந்திய குரலே' என்று தங்கப்பாண்டிக்கு ஃபிளக்ஸ் வைத்தார்கள். அதில் அவர் கண்ணாடி அறைக்குள் கையை உயர்த்தி நின்றார். ஓரத்தில் சின்னதாக ஒரு காளை. சோலையை எங்கும் காணோம். கமிட்டி பெரிய மனசு பண்ணி அவன் வீட்டுக்கு ஒரு மூடை அரிசி அனுப்பியது. எச்சரித்தும் கேட்காதவனுக்கு அதுவே அதிகம் என்று சிலர் அபிப்பிராயப்பட்டார்கள். மூடை தூக்கிகளில் சோலையைப் பிடிக்காத ஒருவன், தண்ணீர் என்று சொல்கிறார்கள், என்ன தண்ணீரோ என்றான். ரெண்டு நாளில் அதுவும் ஊருக்குத் தெரிந்த உண்மையாயிற்று.

அந்தத் தண்ணீர்ப் பேச்சு காதில் விழுந்த பிறகு பாரூக்குக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்குள்ளேயே அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தார். அவருடைய மனைவி ஹாஜரா ரெண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "யாருட்டயோ என்னமோ சொல்லணும்போல. போய்ச் சொல்லிட்டு வாங்க. இங்கன நடந்து தரையைத் தேய்க்காதீங்க" என்றாள்.

மறுநாள் காலையில் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

சோலை மல்லாந்து கிடந்தான். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பாரூக்கைக் கண்டதும் எழுந்திருக்க முடியாத குறையைக் கையெடுத்துக் கும்பிட்டுத் தீர்த்துக்கொண்டான். நாகஜோதி ஸ்டூலை நகர்த்திப் போட்டுவிட்டு ஜன்னலோரம் போய் நின்றாள். பாரூக் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வராது என்று நினைத்தார். கட்டம், வாசல், டிக் என்றெல்லாம் ஆரம்பித்துக் குழப்பிவிட்டு, கடைசியில் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"சோலை, அந்த மைக் குழாய்க்கே போகல. தங்கப்பாண்டி அண்ணன் பேசுனது அவரு காதுக்கு மட்டுந்தான் கேட்டுச்சு. நாந்தான் அப்பிடி வச்சிருந்தேன். உன் மேல தப்பே இல்லப்பா."

சோலை கூரையைப் பார்த்தபடி கிடந்தான். அழுவான் என்று பாரூக் எதிர்பார்த்தார். திட்டுவான் என்றும் எதிர்பார்த்தார், அதற்குத் தயாராகவே வந்திருந்தார்.

"இல்ல பாய். கேட்டுச்சு" என்றான் சோலை.

"எப்பிடிப்பா கேக்கும்? நான் சொல்றேன்ல. பெட்டியே என்னுது."

"பெட்டி உங்களுது. காது என்னுதுல்ல?" அவன் குரலில் கோபம் ஏறியது. "எனக்கு நல்லாக் கேட்டுச்சு. தண்ணியைக் குடிச்சிட்டு எந்திரிப்போம்னு இருந்துட்டேன். தப்பு என்னுதுதான்." பக்கத்துப் படுக்கைக்காரர் திரும்பிப் பார்க்கவும் குரலைத் தாழ்த்தினான். "எம்புட்டு வருசமாக் கயிறு போடுறேன் பாய். மாட்டுக்காரன் பேரு வருது. அண்டா குடுத்தவன் பேரு வருது. மோர் ஊத்துறவன் பேரு வருது. எம் பேரு வந்தது அன்னைக்கு ஒருநாள். அதுவும் மூணு தடவை. அதையும் இல்லன்னு சொல்லவா பழம் வாங்கிட்டு வந்தீக?"

இரண்டு தடவைதான் வந்தது. பாரூக் திருத்தவில்லை.

பழப்பையை வைத்துவிட்டு அவர் வெளியே வந்தபோது நாகஜோதியும் பின்னால் வந்தாள். மாடிப்படிக்குப் பக்கத்தில், ஆட்கள் வராத ஓரமாகப் பார்த்து நின்றாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் பாய்."

"தெரியும்மா. நீதானே அன்னைக்கு…"

"நான் சொல்லும்போது உங்களைத்தானே பாத்தேன். நீங்க வயரைச் சுத்திக்கிட்டு இருந்தீக." அவள் குரல் உயரவே இல்லை. "அந்தம்மா கேட்டப்ப ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எம் புருசன் குடிகாரன்னு பேரெடுத்திருக்க மாட்டாரு. அங்கன சொல்லாம இங்கன வந்து அவருட்டச் சொல்றீக. அவருக்குத் தெரிஞ்சு என்ன செய்யப் போறாரு? இந்தக் காலோட அவருட்ட மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான். ஊரே அவரு பேரைக் கேட்டுச்சுங்கிறது. அதைப் புடுங்கிட்டா உங்களுக்கு ராத்திரி தூக்கம் வருமாக்கும்."

பாரூக், தப்பு செய்துவிட்டேன் என்றார். மன்னிக்கச் சொன்னார்.

"மன்னிப்பெல்லாம் வேணாம். அந்த ஆபீசரம்மாட்டப் போயி, இப்ப எங்ககிட்டச் சொன்னதைச் சொல்லுவீகளா? அதை மட்டும் சொல்லுங்க."

கேள்வி நேரானது. இந்தத் தடவை வாசலையும் சேர்த்தே கேட்டுவிட்டாள். பாரூக் படிக்கட்டைப் பார்த்தார், கைப்பிடிச் சுவரைப் பார்த்தார். ஊருக்கு அனுமதி போகும். தலைவருக்குச் சோறு போகும். வேந்தரின் ஃபிளக்ஸ் இறங்கும். மதுரை மாவட்டத்தில் எந்தக் கமிட்டியும் அதற்கப்புறம் செல்லூர்ச் சந்துக்குள் வராது. எல்லாம் ஒரு டிக்கில் இருந்தது.

"மலைச்சாமி அண்ணன்ட்ட ஒரு வார்த்தை கலந்துக்கிட்டு…" என்று ஆரம்பித்தார்.

நாகஜோதி சிரித்தாள். சத்தமில்லாத சிரிப்பு. "கலந்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வார்டுக்குள் போய்விட்டாள்.

பாரூக் படியிறங்கினார். பாதிப் படியில், மேலூர்ப் பக்கத்து ஆட்கள் நாலு பேர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு சோலையைப் பார்க்க ஏறி வந்தார்கள். முன்னால் வந்தவர் நின்று அவரை உற்றுப் பார்த்து, ஒத்தப்புளிப்பட்டி மைக் செட்டு நீங்கள்தானே என்று கேட்டார். பாரூக் தலையாட்டினார். அவரும் தங்கள் ஊரில் ஒரு கமிட்டியில் இருக்கிறாராம்.

"ஊர்க் கடைசியில நின்னேன் பாய். தங்கப்பாண்டி அண்ணன் கத்துனது பக்கத்துல நின்னு கத்துன மாதிரி இருந்துச்சு. அம்புட்டுத் தெளிவு. எங்க ஊருக்கும் நீங்கதான் வரணும்."

அது அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று பாரூக் அடக்கமாகச் சொன்னார். சட்டைப் பைக்குள் கையை விட்டு விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினார்.